தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள்: தமிழ்நாடு காங்கிரஸ் பக்கங்களை வைத்து ஒரு மதிப்பீடு

இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் ஒரு புள்ளிவிவர அறிக்கை வெளியிடுகிறது. முதல் பொதுத்தேர்தலில் தொடங்கி எல்லாமே ஆணையத்தின் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது. பணம் கட்ட வேண்டியதில்லை. விருதுநகரில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை நடத்துகிறேன். இந்த அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்துப் பழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தமிழ்நாட்டு அரசியல் பேசுகிற எவருக்கும் இதைவிடப் பயனுள்ள சேவை கிடையாது. காங்கிரஸ்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். காங்கிரஸைத் திட்டுகிறவர்களும்தான்.

எங்கள் வீடு காமராஜர் வீடு. அப்பா கடைசி வரை கதர்தான் கட்டினார். அந்தக் கட்சி மேல் எனக்குப் பாசம் உண்டு. பாசம் இருப்பதால்தான் அதன் கணக்கு வாய்க்கு வந்தபடி பேசப்படும்போது பொறுக்க முடிவதில்லை. டீக்கடையில் ஒருவர் ‘நாலு பர்சென்ட் கட்சி’ என்கிறார். இன்னொருவர் ‘நாங்க இல்லாம எவனும் ஜெயிக்க முடியாது’ என்கிறார். இரண்டு பேருமே ஒரே அறிக்கையில் இருந்துதான் எண்ணை எடுத்திருப்பார்கள், ஆளுக்கு ஒரு கட்டத்தைப் பார்த்து.

தேர்தல் நெருங்கிவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விருப்ப மனுவோடு வருகிறவர்கள். ‘அண்ணாச்சி, நம்ம கட்சி எந்த வருசம் எத்தனை சீட்டுல நின்னு எத்தனை ஜெயிச்சுதுன்னு ஒரே பக்கத்துல எடுத்துக் குடுங்க, சத்தியமூர்த்தி பவனுக்குக் கொண்டுபோகணும்’ என்பார்கள். அதற்காக உட்கார்ந்து எல்லா அறிக்கையிலும் காங்கிரஸ் வரியைத் தேடித் தேடி எடுத்ததில்தான் இந்தச் சேவையின் அருமை எனக்குப் புரிந்தது.

முதலில் அமைப்பு. சட்டமன்றத்துக்குத் தனி அறிக்கை, மக்களவைக்குத் தனி அறிக்கை. முன்பக்கங்களில் கட்சிகளின் பெயரும் அவற்றின் சுருக்கெழுத்தும் இருக்கும். பிறகு மொத்த வாக்காளர், பதிவான ஓட்டு, செல்லாத ஓட்டு. அதற்கப்புறம் கட்சிகளின் செயல்பாடு என்று ஒரு பட்டியல். முடிவில் தொகுதி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய ஓட்டு. பழைய அறிக்கைகள் ஒரே கோப்பாக இருக்கும். பிற்காலத்தியவற்றைத் தலைப்பு வாரியாகத் தனித்தனிக் கோப்பாகப் பிரித்துவிட்டார்கள், தேவையானதை மட்டும் இறக்கிக்கொள்ள அது வசதி. சுருக்கெழுத்துப் பக்கத்தை எப்போதும் பிரிண்ட் எடுத்து மேலே வைத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் விஷயத்தில் அது இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

காரணம், அந்தக் கட்சியின் வரிக்கு எல்லா வருடமும் ஒரே பெயர் கிடையாது. 1971 சட்டமன்ற அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.என்.சி. (இந்திய தேசிய காங்கிரஸ்) என்று தேடினால் தமிழ்நாட்டில் கிடைக்காது. 1969-ல் கட்சி உடைந்தபோது காமராஜர் பழைய காங்கிரஸில் நின்றார். இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு சேர்ந்து சட்டமன்றத்தில் ஒரு இடத்தில்கூட நிற்காமல் மக்களவை இடங்களை மட்டும் வாங்கிக்கொண்டது. ஆகவே அந்த வருடம் நம் கண் தேட வேண்டியது என்.சி.ஓ. என்கிற வரியை, அதாவது பழைய காங்கிரஸை. 34.99 சதவீத ஓட்டு, 15 இடம். அதே நாட்களில் நடந்த மக்களவைத் தேர்தலின் அறிக்கையைத் திறந்தால் தமிழ்நாட்டில் ஐ.என்.சி. 9 இடம், என்.சி.ஓ. ஒன்றே ஒன்று. அந்த ஒன்று நாகர்கோவில், காமராஜருடையது. 1980-ல் வரியின் பெயர் ஐ.என்.சி.(ஐ.). 1996-ல் மூப்பனார் பிரிந்து போனபிறகு அவருடைய தமிழ் மாநில காங்கிரஸுக்கு (த.மா.கா.) டி.எம்.சி.(எம்.) என்று இன்னொரு வரி முளைக்கிறது. இத்தனையையும் சேர்த்துப் பார்க்காமல் ‘காங்கிரஸின் வரலாறு’ என்று ஒரு கட்டத்தை மட்டும் காட்டினால் அது அரைகுறைக் கணக்கு.

சரி, கட்சிகளின் செயல்பாடு என்ற பட்டியலுக்கு வருவோம். மொத்த அறிக்கையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. போட்டியிட்ட இடம், வென்ற இடம், டெபாசிட் போன இடம், வாங்கிய ஓட்டு, மொத்தத்தில் எத்தனை சதவீதம், அப்புறம் கடைசியாக, போட்டியிட்ட தொகுதிகளில் மட்டும் எத்தனை சதவீதம். டிவி விவாதங்களில் வென்ற இடத்தையும் மொத்தச் சதவீதத்தையும்தான் வாசிக்கிறார்கள். கடைசிக் கட்டத்தை யாரும் தொடுவதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

1967-ஐ வைத்துச் சொல்கிறேன். சென்னை மாநிலத்தில் 234 இடம். காங்கிரஸ் 41.10 சதவீதம் வாங்கி 51 இடம். தி.மு.க. 40.69 சதவீதம் வாங்கி 137 இடம். ‘அதிக ஓட்டு வாங்கியும் காங்கிரஸ் தோற்றது, அநியாயம்’ என்று அப்பா காலத்தில் இருந்தே பேசுவார்கள். அறிக்கை அந்தப் புலம்பலுக்கு இடம் தரவில்லை. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது. தி.மு.க. நின்றது 174-ல், மீதியைச் சுதந்திராவுக்கும் மார்க்சிஸ்டுகளுக்கும் மற்றவர்களுக்கும் விட்டுக்கொடுத்தது. அதனால் தான் நின்ற இடங்களில் தி.மு.க. வாங்கியது பாதியைத் தாண்டுகிறது. அண்ணா எதிர் ஓட்டுகளை ஒரே பக்கம் திரட்டிவிட்டார். மக்களவைக்கு இன்னும் கடுமை: நின்ற 25-லும் தி.மு.க. வென்றது. காங்கிரஸுக்கு 3. அந்த வருடத்துக்குப் பிறகு காங்கிரஸ் இந்த மாநிலத்தில் ஆட்சிக்கு வரவே இல்லை.

அந்த அறிக்கையில் எங்கள் ஊர் பக்கத்தைத் தனியாகப் பிரிண்ட் கேட்டு வருகிறவர்கள் உண்டு, பெரும்பாலும் வயதானவர்கள். விருதுநகர் தொகுதி, பெ. சீனிவாசன், கு. காமராஜ். இடைவெளி 1,285 ஓட்டு. மாணவர் தலைவராக இருந்த இளைஞரிடம், அகில இந்தியத் தலைவராக இருந்தவர், சொந்த ஊரில் தோற்ற வரி அது. தாளைக் கையில் வாங்கியதும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலை அந்த எண் மேல் வைப்பார்கள். அதை எடுத்துக் கொடுக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கும். முதலமைச்சராக இருந்த பக்தவத்சலமும் அதே தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார்.

அதற்கு முந்திய அறிக்கைகளில் நிதானமாகப் படிக்க வேண்டிய சில இடங்கள் இருக்கின்றன. முதல் அறிக்கையின் அட்டையில் 1951 என்றுதான் இருக்கும், நம் மாநிலத்தில் ஓட்டுப்போட்டது 1952-ல் என்றாலும். அதில் மொத்தம் 375 இடம், காங்கிரஸ் 152. பெரும்பான்மை இல்லை. ஆனால் அது ஆந்திரா, மலபார் எல்லாம் சேர்ந்திருந்த சென்னை மாகாணம். அதை இன்றைய தமிழ்நாட்டோடு நேராக ஒப்பிடக் கூடாது. 1957-ல் 205-க்கு 151. அப்போது ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர் என்ற முறை இருந்ததால் சில தொகுதிகளில் இரண்டு பேர் வென்றதாக வரும், பயந்துவிட வேண்டாம். தி.மு.க. அந்தத் தேர்தலில் முதன்முறையாக 15 இடம் பிடித்தது. பட்டியலில் கட்சிப் பெயரைத் தேடினால் அகப்படாது, எல்லாரும் சுயேச்சை வரிக்குள் இருக்கிறார்கள். 1962-ல் காங்கிரஸுக்கு ஓட்டு 45.34-ல் இருந்து 46.14-க்கு ஏறியது, இடமோ 139-ஆக இறங்கியது. தி.மு.க. 50. ஓட்டு கூடும்போதே இடம் குறைந்த அந்த வருடமே எச்சரிக்கை வந்துவிட்டது என்பது என் எண்ணம். எதிராளி ஒரு பக்கம் கூடிக்கொண்டிருக்கிறான் என்று அந்த இரண்டு எண்ணும் சொல்கின்றன. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1967-க்கு அப்புறம் உள்ள அறிக்கைகளைப் படிக்க இந்தச் சேவை மட்டும் போதாது. அதில் கூட்டணி என்று ஒரு கட்டம் கிடையாது. ஆணையத்துக்குக் கட்சிதான் கணக்கு, யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது அதன் வேலை இல்லை. நியாயம்தான். ஆனால் தமிழ்நாடு காங்கிரஸின் கணக்கில் அந்த ஒரு கட்டம்தான் முக்கால்வாசி விளக்கம். அதனால் நான் போட்டுக் கொடுக்கும் ஒரு பக்கப் பட்டியலில் ‘யாரோடு’ என்று ஒரு பத்தியை நானே சேர்த்துவிடுவேன்.

சேர்த்துவிட்டுப் பாருங்கள். 1980 ஜனவரி, தி.மு.க.வோடு: மக்களவையில் 20 இடம். அதே வருடம் மே மாதம், அதே தி.மு.க.வோடு, இடங்களைக் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டு: சட்டமன்றத்தில் 31 தான். எம்.ஜி.ஆர். 129 பிடித்து மறுபடி ஆட்சிக்கு வந்தார். டெல்லிக்கு ஒரு ஓட்டு, கோட்டைக்கு ஒரு ஓட்டு என்று நம் ஜனங்கள் பிரித்துப் போட்டதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். 1984-ல் அ.தி.மு.க.வோடு: சட்டமன்றத்தில் 61, மக்களவையில் 25. இந்திரா காந்தி சுடப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில். மக்களவைச் சீட்டில் பெரும்பங்கு காங்கிரஸுக்கு, சட்டமன்றச் சீட்டில் பெரும்பங்கு அ.தி.மு.க.வுக்கு என்ற ஏற்பாடு அப்போது உறுதியானது. 1991-ல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டு மூன்று நான்கு வாரத்தில் நடந்த தேர்தலில், ஜெயலலிதாவோடு: மக்களவையில் நின்ற 28-லும் வெற்றி, சட்டமன்றத்தில் 65-க்கு 60.

அடுத்த அறிக்கை 1996. நரசிம்ம ராவ் மறுபடி அ.தி.மு.க.வோடுதான் என்று முடிவெடுத்தார், இங்கிருந்த தொண்டன் மனசு அதில் இல்லை. மூப்பனார் த.மா.கா.வைத் தொடங்கி தி.மு.க.வோடு போனார். காங்கிரஸ் வரியில் சட்டமன்றம் பூஜ்யம், மக்களவை பூஜ்யம், ஓட்டு 5.61 சதவீதம். நாலு வரி தள்ளி த.மா.கா.: 40-க்கு 39, மக்களவையில் 20-க்கு 20. கொடி டெல்லியிடம் இருந்தது, ஊரில் இருந்த ஆட்கள் மூப்பனாரிடம் இருந்தார்கள். மாநிலக் கிளையின் பேச்சைக் கேட்காமல் தலைமை முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரே பக்கத்தில் அச்சடித்துக் காட்டுகிற அறிக்கை இது. விருப்ப மனு கொடுக்க வருகிற இளைஞர்களிடம் இந்தப் பக்கத்தை அவர்கள் கேட்காமலே நான் எடுத்துக் கொடுப்பேன். 2002-ல் த.மா.கா. தாய்க்கட்சியில் மறுபடி இணைந்தது. மூப்பனார் அதற்கு முந்திய வருடமே இறந்துவிட்டார்.

கடைசிக் கட்டத்தின் அருமைக்கு இன்னொரு உதாரணம் 2006-ம் 2011-ம். இரண்டு முறையும் தி.மு.க.வோடு. 2006-ல் 48 இடத்தில் நின்று 34, மொத்த ஓட்டு 8.38 சதவீதம். 2011-ல் 63 இடத்தில் நின்று 5, மொத்த ஓட்டு 9.30 சதவீதம். ஓட்டுச் சதவீதம் கூடியிருக்கிறது பாருங்கள்! மொத்தச் சதவீதத்தை மட்டும் நம்பினால் காங்கிரஸ் வளர்ந்துவிட்டது என்று அறிக்கை விடலாம், விட்டவர்களும் உண்டு. நின்ற இடங்களுக்கு மட்டும் கணக்குப் போட்டால் 40-க்கு மேலே இருந்தது சுமார் 35-க்கு இறங்கிவிட்டது. கூடுதலாக வாங்கிய பதினைந்து சீட்டு செய்த வேலை அது. இதையே 2021-க்குத் திருப்பிப் போடுங்கள்: 25-க்கு 18, மொத்தம் 4.27 சதவீதம். நின்ற இடங்களில் அது சுமார் 40. டீக்கடை நாலு பர்சென்ட் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? 234-ல் 25 இடத்தில் மட்டும் நின்ற கட்சிக்கு மொத்தச் சதவீதம் வேறு எப்படி வரும்?

ஆனால் அந்த 40-ம் காங்கிரஸின் சொந்தச் சொத்து கிடையாது. அதில் உதயசூரியன் ஓட்டு இருக்கிறது, இடதுசாரி ஓட்டு இருக்கிறது, சிறுத்தைகள் ஓட்டு இருக்கிறது. சொந்த ஓட்டு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் பெரிய கட்சி எதுவும் கூட இல்லாமல் நின்ற வருடங்களைத்தான் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட அறிக்கைகள் குறைவு. 1989 சட்டமன்றத் தேர்தலில் மூப்பனார் தலைமையில் இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் நின்றார்கள். 19.83 சதவீதம், 26 இடம். தோல்வி என்றுதான் அன்று எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஐந்தில் ஒரு ஆள் யார் துணையும் இல்லாமல் கைக்குப் போட்டிருக்கிறார். அந்த இடத்தில் நின்று கட்டியிருக்கலாம். அதே வருடம் நவம்பரிலேயே அ.தி.மு.க.வோடு சேர்ந்து மக்களவையில் 27 வாங்கியதும் அந்த யோசனை போய்விட்டது. பிற்காலத்தில் அப்படித் தனியாக நின்ற ஒரு வருடம் 2014. 39 மக்களவைத் தொகுதியிலும் நின்று, ஒன்றும் இல்லை, ஓட்டு 4.3 சதவீதம் அளவுக்கு. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும். அந்த வருட அறிக்கையில் டெபாசிட் கட்டத்தைப் பார்க்கவே மனசு வரவில்லை. கால் நூற்றாண்டில் இருபதில் இருந்து நாலு. கட்சிக்காரர்கள் சண்டை போட வேண்டியது இந்த எண்ணோடுதான். எத்தனை சீட்டு வாங்குவது என்ற பேச்சுவார்த்தை அதற்கப்புறம்.

அந்த 2014-லும் ஒரு வரி தனித்து நிற்கிறது: கன்னியாகுமரி, வசந்தகுமார், இரண்டாமிடம். அதைப் பிடித்துக்கொண்டு சட்டமன்ற அறிக்கைகளின் தொகுதி வாரிப் பக்கங்களுக்குப் போனேன். 2011-ல் காங்கிரஸ் வென்ற ஐந்தில் மூன்று குளச்சல், கிள்ளியூர், விளவங்கோடு. 2016-ல் வென்ற எட்டில் அதே மூன்றும் இருக்கின்றன. 2021-ல் பதினெட்டிலும் அதே மூன்று. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த மூன்று ஊரும் அசையவில்லை. 1969 இடைத்தேர்தலில் காமராஜரை மக்களவைக்கு அனுப்பிய பக்கமும் அதுதான், 1971-ல் மறுபடி அனுப்பிய பக்கமும் அதுதான். அங்கே கிளைகள் வேலை செய்கின்றன, ஜனங்களோடு பழகுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மற்ற மாவட்டத் தலைவர்கள் எல்லாம் ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

குறைகள் என்று சொல்ல வேண்டுமானால், அறிக்கைகள் முழுக்க ஆங்கிலம். வேட்பாளர் பெயரும் தொகுதிப் பெயரும் ஆங்கில எழுத்தில் இருப்பதால் வயதானவர்களுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. மாநில வாரியாகத் தமிழிலும் ஒரு பிரதி வந்தால் எத்தனையோ பேருக்கு உதவும். இடைத்தேர்தல்கள் பொதுத்தேர்தல் அறிக்கைக்குள் வராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் ஆனபிறகு 1954-ல் காமராஜர் குடியாத்தத்தில் வென்றதை 1951 அறிக்கையிலும் தேட முடியாது, 1957-லும் தேட முடியாது. நாகர்கோவில் 1969-ம் அப்படித்தான். 2023 ஈரோடு கிழக்கும் அப்படித்தான்.

பிரிண்ட் எடுக்கிறவர்களுக்கு: முழு அறிக்கையையும் எடுக்காதீர்கள், பணம் வீண். சுருக்கெழுத்துப் பக்கம், கட்சிகளின் செயல்பாடு, உங்கள் மாவட்டத் தொகுதிகள், இவ்வளவு போதும். பட்டியல் பக்கங்களை ஏ4-ல் குறுக்குவாட்டில் எடுங்கள், நெடுக்கில் எடுத்தால் எழுத்து பொடியாகிவிடும். கலர் தேவையே இல்லை.

இன்னும் ஆழமாகப் போக ஆசைப்படுகிறவர்கள் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20-ஐத் தேடுங்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய ஓட்டு அதில் இருக்கும். சீட்டு கேட்டு வருகிற காங்கிரஸ் தம்பிகளிடம் நான் சொல்வது, 2014-ன் படிவம் 20-ல் உங்கள் சாவடி வரியை முதலில் பாருங்கள் என்பதுதான். கூட்டணி ஓட்டு கலக்காமல் உங்கள் தெருவில் கைக்கு விழுந்தது எத்தனை என்று அங்கேதான் தெரியும். கடைக்கு வரும்போது வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகம் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.